துருவத்துத் தேனீயும் என் மானமும்

ரொறன்ரோ,
ஆவணி 1996.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் பஸ்ரியனுக்கு,

ஆண்டவர் கிருபையால் உடம்பளவில் சுகம். ஒஷாவாவில் நீரும் பிள்ளைகளும் அவ்வண்ணமே இருக்க மன்றாடுகிறேன். நான் ஏன் தமிழ்ப் பூசைக்கு வருவதில்லை என்று உம்முடைய தங்கச்சி றீற்றாவிடம் கேட்டீராம். எனக்கு இடுப்பு அசைக்கேலாத நாரிப்பிடிப்பு என்று அவள் சொன்னது பொய். வெளியே தலைகாட்ட வெட்கம், அவ்வளவுதான்.

மகள் அன்ரனெற் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவருடன் வடதுருவத்துக்குப் போய் பம்பிள் தேனீக்களை ஆராயப்போகிறாள் என்றதும், குமர்ப்பிள்ளையைப் பனிக்கரடிகளுக்குள் தனியே விடுவதா என்று நான் துள்ளியதும், அவர்களுக்கு ஒரு சமையல்காரன் தேவைப்பட்டதால் லீவு போட்டு நானும் விமானம் ஏறியதும் நீர் அறிந்ததே. ஆடி மாதத்திலும் அங்கே குளிர். மரமில்லை, சத்தமில்லை. அந்தத் தேனீ எலிக்குஞ்சளவு, உடம்பு முழுக்க மயிர். குளிர் பிடித்தால் இருந்த இடத்திலேயே உறுமி உறுமிச் சூடேற்றிக்கொள்ளுமாம். இதைப் பேராசிரியை முதல் நாளே விளக்கினார். இங்கிலீசில் விளக்கியதால் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு மத்தியானம் அவர் பிடித்த ராணித் தேனீக்களைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு, கூடாரத்துக்கு வெளியே இருந்த என் அடுப்படிக்கு வந்தார். நான் அரிசி களைந்துகொண்டு நிற்கிறேன், முதுகுக்குப் பின்னால் ஒரு இரைச்சல். தூரத்தில் தொடங்கிக் கிட்டக் கிட்ட வருகிறது. ஊரில் குண்டு போட வந்த விமானத்தின் அதே உறுமல்; எனக்குத் தெரியாத சத்தமா மச்சான்? "பொம்மர்! பொம்மர்! விழுந்து படுங்கோ!" என்று கத்தி, அந்த மனுசியைக் கொலரில் பிடித்து இழுத்துப் பனி உருகிய சேற்றுக்குள் தள்ளி, பக்கத்தில் நானும் விழுந்து கண்ணை மூடிவிட்டேன். குண்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், கவிழ்த்து வைத்த என் சோற்றுக் கிடாரத்துக்குள் உறுமிச் சூடேற்றிக்கொண்டிருந்த ஒரு தேனீ ஆடி அசைந்து வெளியே வருகிறது. பெட்டி உடைந்து, ராணிகள் அத்தனையும் பறந்துபோய்விட்டன.

பேராசிரியை மூக்குக்கண்ணாடி நிறையச் சேற்றோடு ஏதோ கேட்டார். அன்ரனெற் இங்கிலீசில் நெடுநேரம் என்னவோ சொன்னாள். மனுசி சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. என் ஜாக்கெட்டிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளை திரும்பி வரும்போதும் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. படித்த ஆட்களுக்கு முன்னால் தகப்பன் இப்படி மானத்தை வாங்கினால் அவள்தான் என்ன செய்வாள்? ஆகையால் இதை வாசித்ததும் கிழித்துப்போடும். ஒஷாவாவில் ஒருவரிடமும் மூச்சு விடாதேயும்.

உம் வீட்டார் அனைவர்மீதும் தேவ ஆசீர் தங்குவதாக.

தலைகுனிந்த மைத்துனன்,
சூசைதாசன்

பி.கு.: உறையை ஒட்ட முதல் அன்ரனெற் வாங்கி வாசித்துவிட்டாள். "அப்பா, நீங்கள் கத்த முதலே நான் கூடாரத்துக்குப் பின்னால குப்புறப் படுத்திட்டன். நீங்கள் கண்ணை மூடினபடியாக் காணேல்லை. உங்கட முகத்தைப் பார்த்தா அழுதிடுவன் எண்டுதான் கதைக்கேல்லை" என்றாள்.

"அப்ப அந்த மனுசிக்கு அவ்வளவு நேரம் என்ன சொன்னனி?"

"ஊரில எங்கட வீட்டுக்கு மேல பொம்மர் வந்த நாளைப் பற்றி."

இந்த நாட்டில் நான் ஒருநாளும் வாயெடுத்துச் சொல்லாத கதை அது. கடிதத்தைக் கிழிக்க வேண்டாம் மச்சான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறோம். யாரும் கேட்டால், தேனீச் சத்தத்துக்குத் தகப்பனும் மகளும் ஒன்றாய்த்தான் நிலத்தில் விழுந்தார்கள் என்று சொல்லும்.