கருப்பை அக்கா

பலெர்மோ நகர பஸ்ஸில் கருப்பை என்ற சொல்லை உரத்துச் சொன்ன முதல் தமிழ்ப் பெண் அவர்தான். இதை யாரும் மறுக்க முடியாது. மறுக்கக்கூடியவர்கள் எல்லோரும் அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலெர்மோவின் சீசா பகுதியில் நாங்கள் நாலு பெண்கள் ஒரே வீட்டில் இருந்தோம். மூத்தவர் அக்கா. ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் வீட்டில் அவருக்கு வேலை. மறுமலர்ச்சிக் கால வைத்தியர்கள் பெண்ணுடம்பைப் பற்றி எழுதிவைத்ததையெல்லாம் தோண்டி, அந்த சிஞ்ஞோரா அம்மா புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா மரக்கறி நறுக்க, அவர் கதை சொல்வார். அந்த வைத்தியர்கள் செத்து நானூறு, ஐந்நூறு வருடம் ஆகிவிட்டதை அக்கா கணக்கிலேயே எடுக்கவில்லை. அன்று காலைதான் யாரோ வந்து ஏசிவிட்டுப் போனதுபோலக் கொதித்தபடி பஸ் ஏறுவார்.

“கருப்பை உடம்புக்குள்ளை மேலையும் கீழையும் அலைஞ்சு திரியுமாம். மூக்கடியிலை இறகை எரிச்சால் நாத்தம் தாங்காமல் கீழை இறங்கிடுமாம். படிச்ச மனுசர் எழுதினது.”

“அக்கா, மெல்லக் கதையுங்கோ,” என்றார் முன்சீற்றில் இருந்த ஒருவர்.

“ஏன் தம்பி? இத்தாலிக்காரருக்குத் தமிழ் விளங்காது. விளங்கிற நீங்கள் எல்லாரும் அதுக்குள்ளை இருந்துதானே வந்தனீங்கள்.”

பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

பெண்ணுடம்பு குளிர்ந்தது, சூடு போதாமல்தான் ஆணுக்கு வெளியே இருப்பது அவளுக்கு உள்ளேயே நின்றுவிட்டது என்று எழுதியிருப்பதைக் கேட்ட அன்று எங்கள் வீட்டில் சமையல் இல்லை. “அப்ப நாங்கள் என்ன, அவியாத புட்டோ?” என்று மாக்கையோடு நின்றார். சூடு குறைந்ததால் பெண்ணுக்கு அறிவும் குறைவாம் என்று தேவாலய வாசலில் அவர் பொரிந்தபோது, “அதிலை கொஞ்சம் உண்மை இருக்குத்தானே,” என்று ஒருவர் சிரித்தார். அதன்பிறகு அந்த மனிதரை எங்கே கண்டாலும் அக்கா தண்ணீர்ப் போத்தலை நீட்டுவார். “குடியுங்கோ. சூடு கூடி மூளை காய்ஞ்சுபோகும்.” மனிதர் பூசைக்கு வேறு தேவாலயம் தேடிக்கொண்டார்.

எனக்கு வயிற்றுவலி வரும்வரை நானும் சிரித்தவள்தான். மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினேன். ஒருநாள் நிமிரவே முடியவில்லை. அக்கா என்னை ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனார். அவர் வயிற்றைத் தொட்டும் பார்க்கவில்லை. நரம்புக் கோளாறு, ஊர் ஏக்கம். கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்.

அக்கா தன் இத்தாலியனில் கேட்டார்: “டொத்தோரே, இந்த மருந்தை ஐந்நூறு வருசத்துக்கு முன்னமே எழுதிவைச்சிட்டினம். நீங்கள் புதுசா என்ன படிச்சனீங்கள்?”

டொக்டர் கதவைக் காட்டினார். அக்கா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். “இவளை ஸ்கான் பண்ண எழுதித் தராமல் போகமாட்டன்.”

சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த பெண்களுக்கும் கலியாண மருந்தை விளக்கினார். அதில் ஒரு சிசிலியப் பெண் உள்ளேயே வந்துவிட்டாள். தனக்கும் இதே மருந்துதான், மூன்று பிள்ளை பெற்றும் வலி போகவில்லை என்றாள். டொக்டர் பேனாவை எடுத்தார்.

சூலகத்தில் தோடம்பழம் அளவு கட்டி, முறுக்குண்டுபோய் இருந்தது. அன்றே வெட்டினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் வெட்டியவர். முதல் டொக்டரிடமிருந்து ஒரு வருத்தச் சொல்கூட வரவில்லை. நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மயக்கம் தெளிந்தபோது கட்டில் நுனியில் அக்கா இருந்தார். எங்கே தொட்டால் எனக்கு நோகுமோ என்று பயந்து, கால் பெருவிரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றுமே பேசாமல் இருந்து நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.