ஒளித்தண்ணீரும் ஒரு கரண்டி எண்ணெயும்

அந்தத் தவக்காலத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஊரிகம் லைன் வீடுகளில் பாதிப் பேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு நடந்தார்கள். எல்லாம் 'ஒளிச்சகோதரர்' கொர்னேலியஸின் மகிமை. ஜெபித்த கேரட் சாறாம், பெயர் ஒளித்தண்ணீர். குடித்தால் பார்வை தெளியுமாம். ஒரே நிபந்தனை: ஈஸ்டர் வரை எண்ணெய், பால், முட்டை, இறைச்சி கூடாது. நோன்பு இருந்து பழகிய சனம். கேள்வி கேட்டுப் பழகாத சனம். ஷிப்டு முடிந்தவர்கள் குளிக்காமலே பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள்.

லூயிசாவும் நின்றாள். அவள் மகள் டீனாவுக்குப் பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியாது. ஒளித்தண்ணீர் குடித்தபிறகோ சுவரிலேயே முட்டிக்கொண்டாள்.

"இன்னா பிரதர், அதிகமாயிட்டே போவுதே?"

"உங்க வீட்ல யாரோ திருட்டுத்தனமா எண்ணெய் சேக்கிறாங்க, சிஸ்டர்."

லூயிசா தாளிக்கிற கரண்டியைப் பரண்மேல் எறிந்தாள்.

டீனாவின் நெற்றி வீக்கத்தைப் பார்த்தாள் பக்கத்து வீட்டு ஃப்ளோரா, பள்ளியில் அறிவியல் டீச்சர்.

"கண்ணுக்கு வேண்டிய சத்து கொழுப்புலதான் கரையும், லூயிசா. சாப்பாட்டுல இருக்கிற எண்ணெயைப் பித்தநீர் சின்னச் சின்னத் துளியா உடைக்கும். அதுகூட ஒட்டிக்கிட்டுத்தான் சத்து குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகும். எண்ணெயே இல்லாம கேரட் குடுத்தா, முக்கால்வாசி உடம்புல சேராமலே வெளியே போயிடும்."

"பிரதர் பொய் சொல்வாரா டீச்சர்?"

"வாங்க, கேட்டுடலாம்."

கூட்டத்தின் நடுவே ஃப்ளோரா இரண்டு பாட்டில்களை வைத்தாள். ஒன்றில் அவள் அரைத்த கேரட் சாறு. மற்றதில் ஒளித்தண்ணீர். இரண்டிலும் சூடு பண்ணிய தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி ஊற்றிக் குலுக்கினாள். சற்று நேரத்தில் கேரட் சாற்றின்மேல் எண்ணெய் மஞ்சளாக மிதந்தது. ஒளித்தண்ணீரின்மேல் எண்ணெய் நிறமே ஏறாமல் வெளுத்துக் கிடந்தது.

"கேரட் நிறம் எண்ணெயில இறங்கும். உங்களுது ஏன் இறங்கல, பிரதர்?"

"நம்ம ஒளி எண்ணெயைத் தொடாதும்மா."

"கேரட்டையும் தொட்டதில்ல போல."

வரிசையில் நின்ற தங்கம்மா, பிரதருக்குப் பின்னால் தொங்கிய ஜெபத்திரையை விலக்கினாள். பின்னால் கேரட் தோல்கூட இல்லை. பிரியாணிக்குப் போடுகிற கேசரிப்பவுடர் டப்பாக்கள்தான் அடுக்கியிருந்தன.

லூயிசா தன் பாட்டிலை நீட்டினாள். "நீங்களே குடிங்க."

ஒளிச்சகோதரருக்குத் திடீரென்று தாகம் போய்விட்டது.

அன்றே லூயிசா டீனாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். டாக்டர் அவள் வாயில் ஊற்றிய வைட்டமின் மருந்தே எண்ணெய்ப் பிசுக்குதான். சில நாளில் பிள்ளை அந்தி நேரத்தில் தானாக வாசலிறங்கினாள்.

கொர்னேலியஸ்? இப்போது பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் 'ஒளியெண்ணெய்' விற்கிறார். அங்கேயும் வரிசை தெருமுனை வரை. பாட்டிலை நீட்டுவதற்குமுன் ஒரு கேள்வியை நீட்டிப் பாருங்கள், ஐயா. அதற்கு நோன்பு தேவையில்லை.