குடியிருப் போர் நலச் சங்கம்

உலக நாடுகள் இன்னும் கண்டுபிடிக்காத ஒன்றை எங்கள் தெரு கண்டுபிடித்துவிட்டது. ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களின் மனநலத்தைக் காப்பது மருத்துவமனை அல்ல, மாத்திரை அல்ல, அக்கம்பக்கம்தான். அதாவது நாங்கள். இந்த மாபெரும் உண்மையை ஒரே ஒரு வீரரை வைத்து நிரூபித்துவிட்டோம். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

எங்கள் தெரு ரிச்சர்ட்ஸ் டவுனுக்கும் ஜீவனஹள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. வாடகை சொல்லும்போது ரிச்சர்ட்ஸ் டவுன். வரி கட்டும்போது ஜீவனஹள்ளி. தெருமுனையில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயர்ப்பலகை உண்டு. மேலே பெரிதாகக் கன்னடம், நடுவில் ஆங்கிலம், மிச்சமிருந்த மூலையில் சிவப்பில் தமிழ். இடம் போதவில்லை என்று பலகை எழுதியவர் எங்கள் பெயரை உடைத்துவிட்டார். 'குடியிருப்' என்று ஒரு வரி, 'போர்' என்று அடுத்த வரி, 'நலச் சங்கம்' என்று கடைசி வரி. திருத்த வேண்டும் என்று வருடா வருடம் தீர்மானம் போடுகிறோம். தீர்மானங்கள் நன்றாகவே அமைகின்றன.

இங்கே என் கொள்கையைச் சொல்லிவிட வேண்டும். சங்கக் குறிப்பில் ஆங்கிலச் சொல் ஒன்றுகூட நுழைய விடமாட்டேன். எங்கள் தலைவர் கிஷோர், காலி மனையில் நான்கு மாடிக்கு 'பிஜி' கட்டுகிறார். நான் அதைக் 'கட்டண விருந்தினர் மாளிகை' என்று எழுதினேன். மாளிகைக்காக அவர் தோண்டத் தொடங்கியதை 'ஆழ்துளைக் கிணறு' என்று எழுதினேன். தலைவருக்கே புல்லரித்தது. தான் இவ்வளவு பெரிய காரியம் செய்வது அவருக்கு அதுவரை தெரியாது.

அந்த மனையை ஒட்டிய வீடு சுபேதார் ரெமிஜியஸுடையது. ராணுவத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் மனைவி கேத்தரினின் பிறந்த வீட்டுக்குக் குடிவந்தார். காலையில் நடை, மாலையில் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை கோவில். சங்கத்துக்கு அவரால் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர்தான் அந்தக் கோடையில் கூட்டத்துக்கு வந்து, எழுந்து நின்று சொன்னார்.

"போர் சத்தம் தாங்கலீங்க."

கூட்டம் உறைந்தது. பக்கத்து மனையில் ஆழ்துளைக் கிணற்றுப் பணி நடந்துகொண்டிருந்ததால், நான் கனிவாகக் கத்த வேண்டியிருந்தது.

"எவ்ளோ நாளா இப்படிக் கேக்குது?"

"பத்து நாளா. போர் வண்டி வாசல்லயே நிக்குது. எப்ப ஆரம்பிக்கும், எப்ப நிக்கும்னே தெரியல. கட்டில் ஆடுது."

"வண்டி கண்ணுக்கே தெரியுதா?"

"ஏன் தெரியாது? நீங்க அதச் சுத்திக்கிட்டுதானே உள்ள வந்தீங்க?"

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மேலே சொன்னார். "ஆயிரம் அடி உள்ள போயிட்டாங்க. இன்னும் நிறுத்துற மாதிரி தெரியல."

'எதிரிப் படை ஆயிரம் அடி ஊடுருவிவிட்டதாக வீரர் கருதுகிறார்' என்று குறித்துக்கொண்டேன்.

"மிலிட்டரிக்காரங்களுக்கு இது வர்றதுதான்," என்றார் கிஷோர் வருத்தத்தோடு. "நான் யூடியூப்ல பாத்திருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல கிஷோர். நீங்க போர நிறுத்துனா போதும்."

"போர நிறுத்துறது நம்ம கையிலயா சார் இருக்கு? அதெல்லாம் டெல்லி லெவல். நீங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிக்கோங்க."

அன்றே 'முன்னாள் வீரர் மனநலத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. அதே கூட்டத்தில் தலைவர், தன் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிர்வாகக் குழுவினர் வீடுகளுக்கு ஆளுக்கொரு குழாய் தருவதாக அறிவித்தார். என் வீடும் அதில் உண்டு. அது வேறு தீர்மானம். இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் அற்பர்கள்.

மறுநாள் சுபேதாரின் மனைவி கேத்தரின் அம்மா என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், அவரு ரிட்டையர் ஆகி வந்தப்ப மாத்திரை போட்டாதான் தூக்கம். கண்ண மூடினா எங்கயோ வெடிக்கிற மாதிரி இருக்கும்னு உக்காந்துக்குவாரு. அமைதியான வீடா பாத்து இருங்க, அதுதான் மருந்துன்னு டாக்டர் சொன்னாரு. இங்க வந்து நாலு வருஷமா மாத்திரையே இல்லாம தூங்கினாரு. இப்ப மறுபடியும் டப்பாவ எடுத்துட்டாரு. தயவு செஞ்சு அந்த போர்வெல்ல நிறுத்தச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போர், வெல்! அந்த அம்மாளுக்கும் வெற்றி வேட்கை தொற்றியிருந்தது. துணைக்குழுவின் அக்கறை இனிமேல் தம்பதி இருவர்மீதும் விரியும் என்று உறுதி சொன்னேன். அவர் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பணிகள் விறுவிறுவென்று நடந்தன. முதலில் சுவரோவியம். வீரருக்குப் பழகிய சூழல் வேண்டும் என்பதால், கட்டப்படும் மாளிகையின் சுவரில் முழு அளவில் ஒரு பீரங்கி வரையப்பட்டது. அது நேராக அவருடைய படுக்கையறை ஜன்னலைக் குறிபார்த்தது. ஓவியரிடம் கேட்டதற்கு, வேறு பக்கம் திருப்பினால் குழல் சுவரில் அடங்காது என்றார்.

அடுத்தது மனநல ஆலோசனை. நகரின் பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் மூச்சுவிடக் கற்றுத்தரும் வைஷ்ணவி அம்மையார் வந்தார். சுபேதாரை அவருடைய தோட்டத்திலேயே பாயில் உட்காரவைத்தார்.

"கண்ண மூடிக்கோங்க அங்கிள். இப்ப என்ன கேக்குது?"

"போர்."

"எவ்ளோ தூரத்துல?"

"செவுத்துக்கு அந்தப் பக்கம்."

"இல்ல அங்கிள். அது வெளிய இல்ல. ஆழமா உள்ள இருந்து வருது."

"ஆமா மேடம், உள்ள இருந்துதான். ஆயிரத்து இருநூறு அடி."

அவ்வளவு ஆழமான காயத்தைத் தன் தொழிலில் பார்த்ததே இல்லை என்று வைஷ்ணவி அம்மையார் என்னிடம் தனியாகச் சொன்னார். அந்தச் சமயம் சுவருக்கு அப்பாலிருந்து காற்றும் சேறும் பீறிட்டு, அம்மையாரின் பாய்மீது சாம்பல் நிறத்தில் படிந்தது. சுபேதார் பாயிலிருந்து எழுந்து சுவரோரம் ஒண்டிக்கொண்டார். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். வெடிக்காத கண்ணிகளைத் தொட்டு எடுத்த கைகள் அவை. அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, 'முன்னேற்றம் தெரிகிறது' என்றார். நானும் குறித்துக்கொண்டேன்.

சிகரமாகப் பாராட்டு விழா. எங்கள் தெருவை 'முன்னாள் வீரர் மனநல நட்புத் தெரு' என்று நாங்களே அறிவித்துக்கொண்டோம். வாசலில் பத்தாயிரம் வாலா சரவெடி வைத்து வரவேற்றோம். சால்வை போர்த்தினோம். ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தோம்.

"எல்லாருக்கும் நன்றி," என்றார் சுபேதார். "நான் சொன்னது சண்டைய இல்லீங்க. நான் சொன்னது இந்த..."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மனையில் பணி மும்முரமடைந்தது. அவருடைய வாய் அசைந்தது, கை மாளிகைப் பக்கம் நீண்டது. சொல் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் நீண்ட நேரம் கைதட்டினோம். 'உணர்ச்சிப் பெருக்கால் வீரருக்குப் பேச்சு எழவில்லை' என்பது அன்றைய குறிப்பு.

பத்து நாளில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மட்டும், குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிணறு பொய்த்துவிட்டது. சுபேதார் வீட்டை யாருக்கு விற்கலாம் என்று அந்த அம்மாள் விசாரித்தபோது கிஷோரே வாங்கிக்கொண்டார். தோட்டத்தில் ரோஜாச் செடிகள் இருந்த இடத்தில் நீரோட்டம் நன்றாக இருக்கிறதாம்.

வெற்றி அறிக்கையை முடிக்குமுன் பயனாளியின் நலம் விசாரிப்பது முறை. தொலைபேசியில் கேத்தரின் அம்மா பேசினார்.

"சுபேதார் எப்படி இருக்கார்?"

"நல்லா தூங்குறாரு சார். மாத்திரைய நிறுத்திட்டாரு."

எங்கள் சிகிச்சையின் பலன் தாமதமாகத் தெரிகிறது என்று மகிழ்ந்தேன். அப்போது அவருக்குப் பின்னால் படபடவென்று துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

"என்னம்மா அது?"

"பக்கத்துலயே பட்டாளத்துக்காரங்க சுட்டுப் பழகுற மைதானம் சார். தெனமும் உண்டு."

"ஐயோ, அந்தச் சத்தத்துலயா அவர் தூங்குறார்?"

"அவங்க சுடுறதுக்கு முன்னாடி செவப்புக் கொடி ஏத்துவாங்க சார். ஏத்தினா, சத்தம் வரப்போவுதுன்னு தெரிஞ்சுக்கலாம். சாயங்காலம் எறக்கிடுவாங்க. எறக்கினா அன்னைக்கு முடிஞ்சுது. அதுக்கு மேல ஒரு வெடி கூட கேக்காது." அப்புறம் அவரே கேட்டார். "நம்ம தெருவுல அப்படி ஒரு கொடி இருந்துச்சா சார்?"

இந்தக் கேள்வியைச் சங்கம் வன்மையாக மறுக்கிறது. எச்சரிக்கை இல்லாமல் நாங்கள் யாரையும் குடிவைத்ததில்லை. தெருமுனையில், நுழையும் இடத்திலேயே, சிவப்பு எழுத்தில், தனி வரியில், 'போர்' என்று முதல் நாளிலிருந்து எழுதி வைத்திருக்கிறோம். இத்தனை வருடம் ராணுவத்தில் இருந்த மனிதர், எங்கள் பெயரைச் சரியாகப் படிக்காமல் எங்களை நம்பி உள்ளே வந்தது யார் குற்றம்?