உண்ணி பார்த்த மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகிறவன் தனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. நான் முழுவதையும் எடுத்துக்கொண்டு போனேன். சுகாதார இன்ஸ்பெக்டராக வேலையில் சேர்ந்த புதிது. உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு, அது எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்த காலம். (நடைமுறை இப்போதும் தெரியும். நம்பிக்கைதான் போய்விட்டது.)

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். அப்பா காலமாகிவிட்டதால் நானும் அம்மாவும் மட்டும் திண்டிவனத்தில் பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போனோம். பெண் வீட்டார் எங்களைப் போலவே சமணர்கள். பெண்ணின் அப்பாவுக்கு மல்லாட்டை வியாபாரம். வீட்டுக்குள் நுழைந்ததுமே வேர்க்கடலை மண் வாசனை. பெண் பெயர் பிரபாவதி. காபி கொடுத்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அதற்கு மேல் எனக்கு எந்த விசாரணையும் தேவைப்படவில்லை. ஜாதகம் முன்பே பொருந்தியிருந்தது. பெரியவர்கள் முகூர்த்தம் பங்குனியிலா, சித்திரையிலா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மத்தியானம் பெண்ணின் தாய்மாமன், அப்பாண்டை என்று பெயர், "சிங்கவரம் பக்கத்துல திருநாதர்குன்று இருக்குது. பாறையில தீர்த்தங்கரருங்க இருக்காங்க. கும்பிட்டுட்டு வந்துடலாம்" என்றார். அவரும் பெண்ணின் அண்ணனும் நானும் கிளம்பினோம்.

மழைக்காலம் முடிந்து புல் முழங்கால் உயரம் நின்றது. எங்கே பார்த்தாலும் ஆட்டுப் புழுக்கை. ஆடு இருக்கும் இடத்தில் உண்ணி இருக்கும். நான் குனிந்து பேண்ட்டின் நுனிகளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டேன்.

"இன்னா மாப்ள, மூட்டைக்கு வாய் கட்றாப்ல கட்டிக்கினீங்க?" என்றார் மாமா.

யாரும் கேட்காத விளக்கத்தைச் சொன்னேன். "உண்ணி பறக்காதுங்க, தாவாது. புல் நுனியில காத்திருந்து, உரசிப் போறவங்க மேல ஏறிக்கும். பாதை நடுவுல நடக்கணும். ஆடு படுத்த நிழல்ல உட்காரக் கூடாது."

"இங்க ஆடு படுக்காத நெழலு ஏது மாப்ள?" என்று சொல்லிவிட்டு மாமா அப்படி ஒரு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தார். அண்ணனும் உட்கார்ந்தான். நான் வெயிலில் நின்றேன். (தலை சுற்றியது. வெளியே சொல்லவில்லை.)

இறங்கும்போது மீதியையும் சொன்னேன். பீடியால் சுடக் கூடாது. எண்ணெய் ஊற்றக் கூடாது. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் உடம்பு முழுக்கத் தேட வேண்டும். தன் கண்ணுக்கு எட்டாத இடத்தை அடுத்தவர் பார்க்க வேண்டும்.

"மாமா, இவரு உண்ணிக்கே கலெக்டரு" என்றான் அண்ணன்.

சமண வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விடவில்லை. கொல்லைக் கிணற்றடியில் சோதனை நடந்தது. மாமாவின் இடுப்பில் இரண்டு, அண்ணனின் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. முள்வாங்கியால் நேராக, முழுதாக எடுத்தேன். மண்ணெண்ணெயில் போடச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தது. எறும்பைக்கூட மிதிக்காத வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? ஒரு இலையில் வைத்து வேலிக்கு அப்பால் விட்டோம். (பிறகு அவை யார்மீது ஏறினவோ, அது என் அதிகார எல்லைக்கு வெளியே.)

பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். "படிச்ச படிப்பு வீண் போவல" என்றார்.

அப்போது கொல்லைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவருக்கு யாரு மாமா பாக்கறது?"

பிரபாவதி. என்னைப் பற்றி அவள் பேசிய முதல் வாக்கியம் அது. எனக்குக் கால் தரையில் இல்லை.

உள்ளேயிருந்து அம்மா வேகமாக வந்தாள். "அவனுக்கு வேணாங்க. அவன்தான் உக்காரவே இல்லியாமே. கூச்சப்படுவான்."

என்னைக் கூச்சக்காரன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. "அதெப்படிம்மா? முறைன்னா எல்லாருக்கும் முறைதான்" என்று சட்டையையும் பனியனையும் கழற்றிக் கிணற்றுச் சுவரில் போட்டுவிட்டுத் திரும்பி நின்றேன்.

மாமாவின் விரல் நடு முதுகில் நின்றது. தேய்த்தது. ஈரத்தைத் தொட்டு மறுபடி தேய்த்தது.

"கிடைச்சுதா? தோலை ஒட்டிப் பிடிங்க. முறுக்காதீங்க."

விரல் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

"சின்னதா இருக்கா?"

"நாலணா அகலம் இருக்குது."

"அவ்வளவு பெரிய உண்ணி இந்தப் பக்கம் கிடையாதே" என்றேன், நிபுணன் என்ற முறையில்.

"உண்ணி இல்ல." மாமா கையை எடுத்துக்கொண்டார். "தம்பி, சட்டையப் போட்டுக்குங்க."

காலையிலிருந்து மாப்ள, இப்போது தம்பி. சம்பந்தம் முடிந்துவிட்டது என்பது புரிந்துவிட்டது. என் முதுகில் என்ன இருக்கிறது என்பதுதான் புரியவில்லை. பெண்ணின் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, வெள்ளைத் திட்டுக்கு அந்தக் காலத்தில் வைத்திருந்த பெயரைச் சொன்னார். வெண்குஷ்டம்.

அது குஷ்டமே அல்ல. ஒட்டாது, பரவாது, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அன்று ஒரு வரி வாயில் வரவில்லை. சட்டையின் கை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பாயசம்கூடப் பரிமாறினார்கள். கொல்லைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

பஸ்ஸில் அம்மாவைக் கேட்டேன். "எப்பலேர்ந்து இருக்கு?"

"நீ படிப்பு முடிச்சிட்டு வந்தியே, அந்த வருசம். எண்ணெ தேய்ச்சு வுடறப்ப பாத்தேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ ஊருக்கெல்லாம் சொல்லிடுவ." அது உண்மை. அதுதானே முறை. "வர்றவ நல்லவளா இருந்தா, பாத்துட்டு சும்மா இருந்துடுவான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருந்தவில்லை என்று தரகர் மூலம் செய்தி வந்தது. அதன் பிறகு வந்த தரகர்களிடம் நானே முதலில் விஷயத்தைச் சொன்னேன். அவர்களுக்கும் ஒரு நடைமுறை இருந்தது: திரும்பி வரமாட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திட்டும் நாலணாவைத் தாண்டி வளரவில்லை. பதவி உயர்வு எதுவும் பெறாமல் என்னோடேயே ஓய்வு பெற்றது. பிரபாவதியை அவலூர்பேட்டையில் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவள் அக்கறையாகக் கேட்ட அந்த ஒரு கேள்வியால் வந்தது இது என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

என் தங்கை வீட்டில் ஒவ்வொரு நிச்சயதார்த்தத்திலும் இந்தக் கதை உண்டு. "மாமா பொண்ணு பாக்கப் போனாரு. அவங்க மாமாவப் பாத்துட்டாங்க" என்று என்னை வைத்துத் தங்கை பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். வந்திருக்கும் மாப்பிள்ளையை முதலில் மலை ஏற்றி இறக்கச் சொல்லிக் கேலி செய்வார்கள். நானும் இரண்டொரு பொய்யைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அம்மா இருந்தவரைக்கும் கதை கிணற்றடிக்கு வந்ததும் எழுந்துவிடுவாள். "பால் பொங்குது" என்று சமையலறைக்குள் போவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் வெளியே வருவாள். இப்போது அப்படி எழுந்து போக ஆளில்லை. கதை தடையில்லாமல் கடைசிவரை போகிறது.