ஸ்தோத்திரம் சொன்ன வகையில் ஒரு விளக்கம்

கச்சிராயபாளையம்
செவ்வாய்க்கிழமை

உளுந்தூர்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துபவரும், போன சனிக்கிழமை வரை எங்களுக்குச் சம்பந்தியாக இருந்து இப்போது இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருமான மரியாதைக்குரிய சவரிமுத்து அண்ணன் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் தைரியநாதன் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் என் மனைவி உபகாரமேரியும் மகள் லிடியாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான் சரியில்லை. அங்கே தாங்களும் அண்ணியாரும் ராபின் தம்பியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை தாங்கள் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "நீங்க குடிக்கிற மாதிரி நடிச்சத பத்தி ஒண்ணும் இல்ல வாத்தியாரே. ஆனா வாய தொறந்தா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லிக்கினு கீறீங்களே, எப்ப பெந்தெகொஸ்தே சபைக்கு மாறினீங்க? அதுக்கு இன்னா பதில்னு சொல்லுங்க, அப்பறம் ஓலை வாசிக்கலாம்" என்றீர்கள். இந்த ஞாயிறு கோயிலில் ராபினுக்கும் லிடியாவுக்கும் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பதாக இருந்தது. ஒரு வாரம் தள்ளி வைக்கும்படி பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். இருமினேன். அதனால் எழுத்தில் விளக்கம் தருகிறேன்.

செழியன் என்றொரு டைரக்டர் சென்னையிலிருந்து கல்வராயன் மலைக்குப் படம் எடுக்க வந்தார். மலையில் இருப்பவர்களை இடுப்பில் இலை கட்டிக்கொண்டு ஆடச் சொன்னாராம். மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்ற வேண்டும், நேரமில்லை என்று அவர்கள் அனுப்பிவிட்டார்கள். அவர் கீழே இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். சினிமாவில் கிறிஸ்தவர் என்றாலே குடிகாரர், அரைகுறைத் தமிழ் பேசுகிறவர் என்று காட்டுகிறார்கள், அந்தப் பொய்யை உடைக்கத்தான் இந்தப் படம், நீங்களே அந்த அப்பாவாக நடிக்க வேண்டும் என்றார். முப்பத்து மூன்று வருஷம் புணர்ச்சி விதி நடத்தியவன் நான். இதற்காகவே பிறந்தேன் என்று நினைத்துவிட்டேன்.

முதல் நாளே கோட்டு, தொப்பி, கழுத்தில் ஒரு சாண் சிலுவை, கையில் பாட்டில். பாட்டிலில் பாலில்லாத டீதான், இதை உபகாரமேரி சத்தியம் செய்து சொல்வாள். உடைக்கப் போகிறோம் என்றீர்களே ஐயா என்றேன். "மொதல்ல கட்டினாத்தானே சார் உடைக்க முடியும்? ஃபர்ஸ்ட் ஆஃப்ல கட்டுறோம், செகண்ட் ஆஃப்ல உடைக்கிறோம்" என்றார். நியாயமாகப் பட்டது. கோமுகி அணைக்கரையில் சித்திரை வெயிலில் கோட்டோடு நின்றேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவன் லுங்கி கட்டிக் கரும்பு வெட்டுகிறவன், கோட்டு போட்டவனைப் பார்த்து ஊர் நாயெல்லாம் குரைத்ததால் மூன்று முறை திரும்ப எடுத்தார்கள். நான் வசனம் பேசினால் "சார், உங்க தமிழ் கிறிஸ்டியன் மாதிரி இல்ல, கொஞ்சம் தப்பா பேசுங்க" என்றார். ளகரத்தை லகரமாகச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு வரவில்லை. உடனே பக்கத்து வீட்டு டீக்கடை நாராயணசாமி நெற்றி நாமத்தோடு எழுந்து வந்து, "வாத்தியாரே, கிறிஸ்டியன்னா இப்படித்தான் நடப்பான்" என்று தள்ளாடி நடந்து காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். முப்பது வருஷமாக நான் நடப்பதைத் தினமும் பார்க்கிற மனுஷர்.

உபகாரமேரியைப் பூவும் பொட்டும் எடுத்துவிட்டு வரச் சொன்னார் உதவி டைரக்டர் தேவிப்ரியா. "ஏம்மா, எங்கூட்டுக்காரரு உசுரோட தானே கீறாரு?" என்று இவள் ஒரே அழுகை. லிடியா என்ன வேலை என்றார்கள், நில அளவைத் துறையில் சர்வேயர் என்றேன், பரவாயில்லை, நர்ஸ் என்றே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பாட்டிலை ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "கள்ளக்குறிச்சின்னா சாராயம்தானே சார்" என்றார் டைரக்டர். சுருக்கென்றது அண்ணே. சாராயத்தால் செத்தவர்கள் வீட்டுக்கு மாலை வாங்கிப் போனவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் எடுத்திருப்பார்.

இப்போது ஸ்தோத்திரத்துக்கு வருகிறேன். நாங்கள் ரோமன் கத்தோலிக்கர், இயேசுவுக்கே புகழ் என்போம், எதிரே இருப்பவர் மரியே வாழ்க என்பார் என்று எடுத்துச் சொன்னேன். "ஆடியன்ஸுக்கு அதெல்லாம் தெரியாது சார், ஸ்தோத்திரம்னாத்தான் புரியும்" என்று பதினோரு தடவை சொல்ல வைத்தார். பொறுத்துக்கொண்டேன், செகண்ட் ஆஃபில் எல்லாம் உடையுமே என்று. உடைக்கும் நாளுக்குள் தயாரிப்பாளர் கையை விரித்துவிட்டார். கட்டின பாதியை மட்டும் யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். தாங்கள் பார்த்தது அதுதான். 

மற்றபடி எங்கள் பரம்பரையில் சபைப் பக்கம் தலை வைத்துப் படுத்தவர் கிடையாது. அவங்க எந்நேரமும் மைக்கை வெச்சுக்கினு கத்துவாங்க, ஆளைப் பிடிச்சுத் தலையில கை வெச்சுக் கீழே தள்ளுவாங்க, காதுல கழுத்துல ஒண்ணு போட விடமாட்டாங்க, ஒரு வாய் தண்ணி குடிக்கணும்னாலும் ரெண்டு பாட்டு பாடுவாங்க. நான் யாரோடும் நேரில் பழகியதில்லை. எல்லாம் சினிமாவில் பார்த்ததுதான், இருந்தாலும் தவறாக இருக்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு நானோ என்னைச் சேர்ந்தவர்களோ போவோமா? ஆகவே சந்தேகம் நீங்கி, அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கச் சம்மதம் தர வேண்டுகிறேன்.

அண்ணியாருக்கு எங்கள் அன்பு. ராபின் தம்பிக்கு என் ஆசீர். மாதா தங்கள் குடும்பத்தையும் லாரிகளையும் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் சம்மதத்தை எதிர்பார்க்கும்
சூ. தைரியநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் லிடியா வாங்கிப் படித்தாள். "டைரக்டர் நம்மள பத்தி எடுத்த படத்தைத்தான் நீங்க சபைக்காரங்கள பத்தி எழுதி வெச்சிருக்கீங்க அப்பா" என்றாள். பிறகு உட்கார்ந்து ஒன்று சொன்னாள். ராபின் தம்பி இரண்டு வருஷமாக உளுந்தூர்பேட்டையிலேயே ஒரு சபைக்குப் போகிறாராம். அங்கே கிதார் வாசிக்கிறாராம். பெண் பார்க்க வந்த அன்றே இவளிடம் சொல்லிவிட்டாராம். பீடிகூடக் குடிக்காத பையன் என்று தாங்கள் பெருமையாகச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் படத்தைப் பார்த்துவிட்டு, மாமாவும் நம்ம ஆளுதான் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். தங்களிடம் சொல்லத்தான் அவருக்குப் பயம். "மாமா நல்லா எழுதுவாரு, அவரே எழுதட்டும்" என்றாராம். எழுதிவிட்டேன். லிடியா இங்கே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவரை விடமாட்டேன் என்கிறாள், என்னிடம் இதுவரை எதையும் பிடிவாதமாகக் கேட்காத பெண். அண்ணே, அந்தப் பிள்ளைய அடிக்காதீங்க. கோவம் தாங்கலன்னா கள்ளக்குறிச்சி பஸ்ல ஏத்தி விட்டுடுங்க, நான் வெச்சிக்கிறேன். கிதாரையும் எடுத்துக்கினு வரட்டும்.