தாமரைப் பூ போட்ட ரோல் கேஜ்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தாம்பரத்துல இருந்து காரை எடுத்துட்டு, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி நடந்த டிராக் ரேஸுக்குப் போகணும். அங்க சேஃப்டி செக்கிங்ல பாஸ் ஆகணும். பாஸ் ஆனா ரேஸ். அவ்ளோ தான்.

எட்டு மாசமா அந்தக் காரோட தான் என் குடித்தனம். டர்போ மாத்தியாச்சு, சைலன்சர் மாத்தியாச்சு, பின் சீட்டைக் கழட்டி பரண்ல போட்டாச்சு. ஆக்சிலேட்டரை அழுத்தினா ஜிஎஸ்டி ரோடே திரும்பிப் பார்க்கும். அடுத்த சிக்னல்ல ஷேர் ஆட்டோ என்னைத் தாண்டிப் போகும், அது வேற விஷயம்.

என் மச்சானும், அதாவது என் பொண்டாட்டியோட தம்பி, அதே ரேஸுக்குப் பேர் குடுத்திருந்தான். "மாமா, உங்க வண்டில சத்தம் மட்டும் தான்"னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான். என் மாமியாரே அதுக்கு லைக் போட்டாங்க! அவனை ஜெயிக்கலைன்னா பொங்கலுக்கு அந்த வீட்டுல நான் எப்படித் தலை நிமிர்ந்து சாப்பிடுறது?

ரூல்ஸை நான் படிச்சதே ரேஸுக்கு ஒரு வாரம் முன்னாடி தான். இவ்ளோ பவர் இருக்கிற வண்டிக்கு ரோல் கேஜ் கட்டாயமாம். வண்டி உருண்டா ஆள் நசுங்காம இருக்க, உள்ள இரும்பு பைப்புல ஒரு கூண்டு. ரேஸ் கார் வேலை பாக்கிறவங்க எல்லாம் ஒரு மாசம் ஆகும்னுட்டாங்க.

நேரா அனகாபுத்தூர் போனேன். வீட்டுக்கு கிரில் கேட் போடுற வெல்டர் அண்ணா ஒருத்தர் இருக்கார். போன்ல போட்டோ காட்டினேன்.

"அண்ணா, சேஃப்டி தான் முக்கியம்."

"சேஃப்டியா? என்னாண்ட சொல்ட்ட இல்ல, வுடு சார். ஒரு பய உள்ள கைய வெக்க முடியாது!"

வண்டி உருள்றதுக்கும் பய கை வெக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு நான் அப்பவே கேட்டிருக்கணும்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தா, பைப் எல்லாம் கச்சிதமா இருக்கு. கூடவே, போட்டோல இல்லாத ஐட்டமும் இருக்கு. மூணு பக்கமும் கம்பி. டிரைவர் பக்கம் கார் கதவைத் திறந்தா, உள்ள இன்னொரு குட்டி கிரில் கேட்டு. நடுவுல ஒரு தாமரைப் பூ. வெளிப்பக்கம் கொண்டி. கொண்டில திறந்தபடி தொங்குற ஒரு பூட்டு.

"இன்னா சார், சோக்கா கீதா? பூவு என் கணக்கு."

அழகா தான் இருந்துச்சு. மறுபடி பிரிக்கச் சொல்ல நாளும் இல்ல. பூட்டுச் சாவியை வீட்டுக்குக் கொண்டு வந்து, எல்லாச் சாவியும் மாட்டுற ஆணியில மாட்டிட்டேன். பழக்க தோஷம்.

ஞாயித்துக்கிழமை செக்கிங். அதிகாரி கையில ஒரு லிஸ்ட், கழுத்துல ஸ்டாப் வாட்ச். என்னை டிரைவர் சீட்ல உக்காரச் சொன்னார். உக்காந்தேன், பின்னாடியே கிரில் கேட்டை இழுத்துச் சாத்தினேன். ஹெல்மெட்டுக்கு டிக். தீயணைப்பு சிலிண்டருக்கு டிக். தாமரைப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். லிஸ்ட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"வண்டில எதுவும் லூஸா தொங்கக் கூடாது சார். இந்தப் பூட்டு ஆடுது பாருங்க."

"இதோ சார்!"

கம்பி வழியா கைய விட்டேன். கொண்டியை மாட்டினேன். பூட்டை அமுக்கினேன்.

டக்.

"குட். இப்போ பெல்ட்டைக் கழட்டி வெளிய வாங்க. வண்டி தீப்பிடிச்சா எவ்ளோ வேகமா இறங்குறீங்கன்னு பாக்கணும். ஸ்டார்ட்!"

பெல்ட் கழண்டுச்சு. நான் கழலலை.

சாவி தாம்பரத்துல, ஆணியில.

வெல்டர் அண்ணாவுக்கு போன் போட்டேன். "அண்ணா, மாட்டிக்கிட்டேன். பூட்டுக்கு இன்னொரு சாவி இருக்கா?"

"இரு சார், பதறாத. நீ உள்ள கீறியா, வெளிய கீறியா?"

"உள்ள!"

"அப்ப இன்னா? சேஃப்டியா தான் கீற!"

அடுத்து பொண்டாட்டிக்குப் போன். சாவி ஆணியில தொங்குதுன்னேன். "வரேன்"னு மட்டும் சொன்னா. அந்த ஒரு வார்த்தைக்கு நான் பயந்த மாதிரி ரேஸுக்குக் கூட பயந்ததில்ல.

அவ எலக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு, ஆட்டோ பிடிச்சு வர்ற வரைக்கும் என்னைச் சுத்தி ஒரே கூட்டம். யாரோ கம்பி வழியா டீ குடுத்தாங்க. இன்னொருத்தர் செல்ஃபி எடுத்துக்கிட்டே, "வண்டலூர் ஜூ டிக்கெட் மிச்சம்"னார். அதுக்குள்ள மச்சான் ஓட்டி முடிச்சு, ஜெயிச்சு, கப்போட வந்து நின்னான்.

"மாமா, கொஞ்சம் சிரிங்க. குரூப்ல போடணும்."

நிஜமாவே அழுகை வந்துச்சு. ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கிட்டேன்.

ஒருவழியா பொண்டாட்டி வந்து பூட்டைத் திறந்தா. அதிகாரி அப்போ தான் ஸ்டாப் வாட்சை நிறுத்தினார். ஒரு மணி நேரம் இருபத்தி ரெண்டு நிமிஷம். கடமை!

லிஸ்ட்ல பெருசா ஒரு இன்ட்டு போட்டார். அப்புறம் என்னைத் தனியா ஓரமா கூப்பிட்டார். ஏதோ ஆறுதல் சொல்லப் போறார்னு நினைச்சேன்.

"சார், அந்த வெல்டர் நம்பர் கிடைக்குமா? எங்க வீட்டு பால்கனில குரங்குத் தொல்லை."

எட்டு மாச உழைப்புல அவர் அப்ரூவ் பண்ணது அந்த கிரில் ஒண்ணே ஒண்ணு தான்.