வெறுங்காலு மேஸ்திரி நடந்து பார்த்த வீடு

செருப்புக் கடைக்காரர்களுக்கு ஆயுள் முழுக்கப் பத்துப் பைசா லாபம்கூடக் கொடுக்காத மனிதர் ஒருவர் எங்கள் சித்தூரில் உண்டு. தார் ரோடு இளகி ஓடுகிற மே மாதத்திலும் வெறுங்காலோடுதான் நடப்பார். கண்ணாடித் துண்டு அவரைப் பார்த்தால் தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்று எங்கள் தெருவில் பேச்சு. பெயர் என்னவென்று எனக்கு இன்று வரை தெரியாது. கேட்டதற்கு, "மேஸ்திரின்னே கூப்டு நைனா. பேரு ஆதார் கார்டுல கீது, கார்டு நாகலாபுரத்துல கீது" என்றார். ஊரே அவரை வெறுங்காலு மேஸ்திரி என்றது. நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

தரை போடுகிற வேலை அவருக்கு. அவரிடம் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் நான் களைத்துப்போனதைச் சொல்ல வேண்டும்.

என் மனைவி எஸ்தருக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை. உள்ளங்கால் இரண்டிலும் உணர்ச்சி போய்விட்டது. எங்கள் வீட்டுத் தரையோ என் நைனா காலத்துச் சிமெண்டுத் தரை. ஓதம் ஏறிச் செதில் செதிலாகப் பெயர்ந்து, சமையலறைப் பக்கம் ஓரங்கள் பிளேடு மாதிரி நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் அவள் பாதம் கிழிந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. வீடெல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, "பீட்ரூட் எதனா கொட்டிட்டியா?" என்று கேட்ட புத்திசாலி நான். புண் ஆறுவதற்குள் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "இன்னொரு காயம் பட்டா விரலோட நிக்காது, பாதம் போயிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தரையை மாற்ற அன்றைக்கே முடிவு செய்தேன். முடிவு செய்வதற்கு ஒரு நிமிஷம். ஆள் பிடிப்பதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது.

திருப்பதியிலிருந்து வந்த முதல் காண்ட்ராக்டர் போனில் ஒரு கல்யாண மண்டபத்தைக் காட்டினார். "சார், இந்த டைல்ஸ்ல மொகம் பாத்து தலை வாரலாம்" என்றார். எனக்கு வாருவதற்குத் தலையில் ஒன்றுமில்லை. எஸ்தருக்கோ வழுக்காமல் நின்றால் போதும். பலமனேரிலிருந்து வந்தவர் வீட்டை அளந்து, அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். நாங்கள் கொடுத்த டிபனைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார். மூன்றாமவரை நான் பார்த்ததே இல்லை, குரலோடு சரி. எப்போது போன் செய்தாலும் "வஸ்துன்னா சார், தாரிலோ உன்னா" என்பார். வருகிறாராம், வழியில் இருக்கிறாராம். இரண்டு மாதமாக வழியிலேயே இருந்தார். கர்த்தருடைய வருகைக்குக் காத்திருந்து பழகிய குடும்பம்தான் எங்களுடையது. இவர் வருகைக்குக் காத்திருக்கத்தான் பொறுமை போதவில்லை.

கடைசியில் அந்தக் காலத்துப் பக்தர்கள் செய்தது போல ஆண்டவரிடம் ஓர் அடையாளம் கேட்டேன். வந்தவர்கள் எல்லாரும், உடைக்கப்போகிற தரைதானே என்று, நாங்கள் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுகிற இடத்தில்கூடச் செருப்போடு நடந்திருந்தார்கள். அதனால், "ஆண்டவரே, யார் தானாகச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிறாரோ, அவரே நீர் அனுப்பின ஆள் என்று அறிந்துகொள்வேன்" என்று ஜெபித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் ஒருவர் வாசலில் நின்றார். "இந்தத் தெருவுல ஒரு ஊட்ல தரை மோசம்னு சொன்னாங்க. இதான் அந்த ஊடா?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். செருப்பு இல்லை. எட்டி வாசலைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அவர் போன பிறகு எங்களுக்குள் வாக்குவாதம்.

"அவன் கழட்லியே எஸ்தரு. போட்டாத்தானே கழட்ட முடியும்."

"உள்ள செருப்போட வந்தானா?"

"வரல."

"அப்புறம் இன்னாங்க?"

"நான் கேட்டது கழட்டறது. கழட்டாம வர்றதுக்கு நான் ஜெபம் பண்லியே."

"நீங்க கேட்ட லட்சணத்துக்கு ஆண்டவர் இவ்ளோ குடுத்ததே பெருசு" என்று சொல்லி அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்று நாள் யோசித்தேன். நான் யோசிப்பதை மேஸ்திரி மதிக்கவில்லை. தினமும் தானாக வந்தார். வேலை ஆரம்பிக்கவும் இல்லை. கையில் ஒரு சாக்பீஸோடு மூலையில் உட்கார்ந்து, எஸ்தர் நடக்கிற இடத்தையெல்லாம் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஆளு இன்னாங்க, நான் இன்னா டான்ஸா ஆடிக்கினு இருக்கேன்?" என்று அவள் முறைத்தாள்.

"நீ பாட்டுக்கு நடம்மா. நான் பாட்டுக்குக் கிறுக்கறேன்" என்றார் அவர்.

சாயங்காலம் பார்த்தால் சமையலறைக்கும் பின்கதவுக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று கோட்டுக் குவியல். ஹாலில் மூன்றே கோடு. என் நாற்காலியிலிருந்து ஒரு கோடும் கிளம்பவில்லை. முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியவன் நான், அவள் ஒரு நாளில் இவ்வளவு நடக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மொதல்ல ஹாலைப் போட்ரலாமா? பாஸ்டர் ஐயா, சபை ஜனங்கள்லாம் வந்து போற எடம்" என்று கேட்டேன்.

"வர்ற ஜனம் அரை மணி நேரம் குந்திக்கினு போயிடும். அம்மா நாளெல்லாம் நடக்குது. ஹாலு கடைசி" என்றார். அந்த வார்த்தையில் ஆளை முடிவு செய்தேன். அவர் எங்களை எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தார்.

டைல்ஸ் வாங்கத் திருப்பதிக்குப் போனோம். அங்கே வெறுங்காலோடு நடப்பவரை யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லை. மரியாதையாகத்தான் பார்க்கிறார்கள். டவுன் பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து, "வேண்டுதலா சாமி?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, டைல்ஸுக்கு" என்றார் இவர்.

கடையில் டைல்ஸ்களை வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மேஸ்திரி விற்பனைக்காரரிடம், "இத்த எறக்கிக் கீழ போடுப்பா" என்றார்.

"டிஸ்ப்ளே பீஸ் சார். கீழ போடக்கூடாது."

"நாங்க இன்னா பல்லியா, செவுத்துல நடக்க?"

ஒவ்வொன்றாக இறங்கியது. என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, ஒவ்வொன்றின் மேலும் ஊற்றி நடந்தார். பிறகு என்னையும் செருப்பைக் கழற்ற வைத்து நடக்கவிட்டார். நாலாவது டைல்ஸில் எனக்குக் கால் வழுக்கி, விற்பனைக்கு வைத்திருந்த வாஷ்பேசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். "இது வேணாம்" என்று சாவகாசமாகச் சொன்னார். ஒரு மத்தியானம் முழுக்க நடந்தோம். முழங்கால் வலி தாங்காமல் நான் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் குடோனின் கோடியிலிருந்து சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக ஒன்றை எடுத்து வந்தார். எங்கள் ரசனைக்காக விற்பனைக்காரரே வருத்தப்பட்டார்.

வேலை ஆரம்பித்தது. எஸ்தரின் கட்டிலை முன்பக்க ஷெட்டில் போட்டோம். அறைக்கு அறை கால் தடுக்குகிற படிகளையெல்லாம் மேஸ்திரி இடித்துச் சமமாக்கினார். தலைவாசல் படிக்கு வந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல நான் கை வைக்கமாட்டேன். லட்சுமி குந்தற எடம்."

"எங்க ஊட்ல அந்த வழக்கம் இல்லப்பா."

"ஒங்களுக்கு இல்ல நைனா. சுத்தியலு எங் கையிலதானே கீது?"

ஒரு மணி நேரம் பேசியும் நகரவில்லை. கடைசியில் படியை உடைக்காமலே இரண்டு பக்கமும் சரிவாகப் பூசிக் கொடுத்தார். எஸ்தர் தடுக்காமல் போகலாம், லட்சுமியும் எழுந்திருக்க வேண்டாம். நான் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், பூச்சு மட்டும் நன்றாக இருந்தது.

எல்லாம் முடிந்தது. மறுநாள் எஸ்தரை உள்ளே அழைத்துவரலாம் என்றிருந்தேன். ஷெட்டில் கொசுக்கடியிலும் தூசியிலும் இருந்து அவளும் அலுத்துப்போயிருந்தாள். மேஸ்திரி கையைப் பின்னால் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று நடந்தார். பாத்ரூம் கதவண்டை நின்றார். ஓர் அடி பின்னால் வைத்தார். மறுபடியும் முன்னால் வைத்தார்.

"இங்க ஓரம் தூக்கிக்கினு கீது."

நான் குனிந்து விரலால் தடவினேன். நகம்கூட மாட்டவில்லை. அவருடைய ரசமட்டத்தையே எடுத்து வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த குமிழ் ஆடாமல் நடுவில் நின்றது.

"ரசமட்டம் சரின்னு சொல்லுதே மேஸ்திரி."

"ரசமட்டத்துக்கு சக்கரையா கீது?"

எனக்கு உடம்பும் மனதும் ஓய்ந்திருந்தது. "விட்ருப்பா. ஒரு வருஷமா இதே பொழப்பாப் போச்சு. இத்தினியூண்டு தானே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என் பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு எங் காலு சொல்லிடிச்சி. நாளைக்கு ஒனக்கு ஒங் காலு சொல்லும், ஒதுங்கிப் போயிடுவ. அந்தம்மாவுக்கு யாரு சொல்றது?"

போய்ச் சுத்தியலை எடுத்து வந்து நானே அவர் கையில் கொடுத்தேன். நாலு டைல்ஸை உடைத்தெடுத்தார். வெளியே கட்டிலில் இருந்து எஸ்தர், "இன்னாங்க, மறுபடியும் ஒடைக்கறானா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, அவர் சொன்னதையும் சொன்னேன். இன்னும் இரண்டு நாள் ஷெட்டில் இருக்க வேண்டும் என்று முணுமுணுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆளு காலைல எதனா துன்னானா கேளுங்க" என்றாள்.

அந்தத் தரைக்கு இப்போது பத்து மாதம் ஆகிறது. மேஸ்திரி எங்கே வேலை செய்தாலும், இந்தப் பக்கம் வந்தால் சொல்லாமல் உள்ளே நுழைந்து, பின்கதவு வரைக்கும் ஒரு நடை நடந்துவிட்டு, காபி குடித்துப் போகிறார். சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்ததும் எஸ்தரின் பாதங்களை மடியில் வைத்து, டார்ச் அடித்து ஒவ்வோர் இடமாகப் பார்க்கிறேன். ஒரு கீறல் இல்லை. ஜெபத்தில் அவள் எங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி முடித்து, சற்று நிறுத்தி, பெயர் தெரியாத அந்த மனுஷன் கால் வைக்கிற இடமெல்லாம் முள்ளில்லாமல் இருக்கட்டும் என்று கேட்கிறாள். அவளுக்கு முன்னாலேயே நான் ஆமென் சொல்லிவிடுகிறேன்.